வாசற்கதவில் ஒட்டிய குரல்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை.

விசாரணை அதிகாரி அவர்களுக்கு. என் மனைவியின் மரணம் குறித்துத் தாங்கள் எழுதிய அறிக்கையின் நகல் ஒன்று இன்று காலை என் கைக்கு வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப் பிழைகளைச் சொல்லவில்லை. அவை நிறைய, பென்சிலால் ஓரத்தில் குறித்திருக்கிறேன், ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்வது பொருட்பிழை. "இறந்தவர் தம் மருமகனின் குரலைக் கேட்டு வீட்டைவிட்டு வெளியேறினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையன்று. திருத்தித் தர வேண்டும்.

இன்னொரு சிறிய குறையும் உண்டு. வாசற்கதவில் ஒட்டியிருந்த கியூஆர் குறியைச் சாட்சிப் பொருள் என்று சொல்லித் தங்கள் காவலர் நகத்தால் சுரண்டி எடுத்தார். உள்ளங்கை அளவுக்குக் கதவின் வண்ணமும் சேர்ந்து உரிந்துவிட்டது. முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைச் சற்று நேரம் காட்டியிருந்தால் ஒட்டுவில்லை தானாகக் கழன்று வந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாவம், வயதானவர், வாத்தியார், மனைவியைப் பறிகொடுத்தவர் என்று ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைத்துவிட்டீர்கள். கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. இப்போது நானே கேட்டு நானே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு மறதி வந்தது. முதலில் பொருள்கள் இருக்கும் இடம் மறந்தது, பிறகு அவற்றின் பெயர், பிறகு பயன். ஒருநாள் பல் துலக்கும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வெச்சு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். நான் வெள்ளை அட்டைகளில் தெளிவான எழுத்தில் எழுதி வீடு முழுவதும் ஒட்டினேன். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை; எழுத்தில் ஒரு குறை காண முடியாது. அவள் படித்தாள். ஆனால் வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் அவளிடமிருந்து நழுவிவிடும். மறுபடியும் முதலிலிருந்து படிப்பாள். அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

என் மருமகனுக்குத் தொழில், புட்டிகளுக்கும் பெட்டிகளுக்கும் ஒட்டுவில்லை அச்சிடுவது. எங்கள் தெருமுனையில் பெருஞ்சாலை ஓடுகிறது. அதன் மறுகரையில் அவருடைய பட்டறை. அவர்தாம் இந்த யோசனையைச் சொன்னார்.

"மாமா, எழுதி ஒட்டினா அத்தைக்குப் பத்தாது. பேசற ஸ்டிக்கர் ஒட்டுவோம். போனை எடுத்துக் காட்டினா போதும், அது பேசிடும்."

"ஸ்டிக்கர் எங்கயாவது பேசுமா?" என்றாள் என் மகள்.

"நீயே பேசறப்போ அது பேசக் கூடாதா?"

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாளாகியிருந்தது. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதல் தொகுதியை அவரே அச்சிட்டுக் கொண்டுவந்தார். பளபளப்பான தாள், சன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல் மின்னியது, தொலைபேசிக்கு ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருக்கட்டும் என்று இளமஞ்சள் கட்டங்களை வெள்ளைப் பின்புலத்தில் போட்டிருந்தார். குறியைச் சுற்றி இருக்க வேண்டிய வெற்று ஓரத்தைத் தாள் மிச்சம் பிடிப்பதற்காக வெட்டித் தள்ளியிருந்தார். நடுவில் வைத்த படமோ பாதிக் குறியை விழுங்கியிருந்தது. எரிவாயு உருளையின் வளைந்த முதுகில் ஒட்டியது ஒருமுறையும் படிக்கவில்லை. "டிசைன் சூப்பரா இருக்குல்ல மாமா?" என்று வேறு கேட்டார்.

நான் எந்தப் பாடத்தையும் அரைகுறையாகக் கற்றவனல்லன். ஒரு வாரம் உட்கார்ந்து அந்தக் கலையைப் பயின்றேன். வெளிர்ந்த பின்புலத்தில் கருமையான கட்டங்கள், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெறுமை, மங்கலான தாள், எட்ட நின்று காட்ட வேண்டிய இடத்தில் பெரிய குறி, கிட்ட நின்று காட்டும் இடத்தில் சிறிய குறி, வளைந்த பரப்பை விட்டுத் தட்டையான சுவர், அவளுடைய நெஞ்சுயரம். நடுவில் வைக்கும் படம் சிறிதாக இருக்க வேண்டும். அடுப்புக்கு அடுப்பின் படம், குழாய்க்குக் குழாயின் படம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறத்தில் விளிம்பு. குறிக்குக் கீழே, காட்டினால் என்ன கிடைக்கும் என்று ஒரே வரி, பெரிய எழுத்தில். என்ன வரும் என்று தெரியாத கதவை யாரும் தட்டுவதில்லை. ஒட்டுவதற்கு முன்பு வீட்டிலேயே மிகப் பழைய தொலைபேசியை வைத்து, விளக்கேற்றியும் அணைத்தும் சோதித்தேன்.

ஒரு செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. அதற்கென்று முறையாகச் செய்த குறியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிதைந்தாலும் அது தன் பொருளை இழப்பதில்லை. எஞ்சிய கட்டங்களைக் கொண்டு இழந்தவற்றைக் கணித்து மீட்டுக்கொள்ளும். இதை அறிந்த அன்று, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிகளில் இருவகை உண்டு. செய்தியைத் தன்னுள்ளேயே பொதிந்து வைத்திருப்பது ஒன்று. அச்சிட்டபின் அதை மாற்ற இயலாது. ஒரு முகவரியை மட்டும் தாங்கி நிற்பது மற்றொன்று. அந்த முகவரி யாரிடம் கொண்டுபோய் விடும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாம். சுவரில் உள்ள ஒரு கட்டமும் அசையாது. வீட்டு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு குடியிருப்பவரை மட்டும் மாற்றுவது போன்றது. மருந்து மாறலாம், மருத்துவர் மாறலாம், பேச்சை மட்டும் மாற்றினால் போதும் என்பதற்காக நாங்கள் இரண்டாம் வகையைத் தேர்ந்தோம். கணக்கு ஒன்று, கடவுச்சொல் ஒன்று, அது எனக்கும் மருமகனுக்கும் பொது. "நீங்கதான் மாமா அட்மின், நான் வெறும் எடுபிடி" என்றார். அப்படித்தான் சொல்வார். நடந்தது வேறு.

முதலில் என் குரலைத்தான் பதிவு செய்தோம். "அடுப்பைப் பயன்படுத்திய பின்னர் அதன் குமிழை வலப்பக்கமாகத் திருகி மூடுதல் வேண்டும்." என் மனைவி கழுத்தில் தொங்கிய தொலைபேசியை எடுத்துக் காட்டி, கேட்டுவிட்டு, கைகட்டி நின்றாள்.

"என்னம்மா, ஏன் நிக்கிறீங்க?" என்றாள் மகள்.

"நியூஸ் முடியட்டும்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க குரல்ல சொன்னா அம்மா பரீட்சை ஹாலுக்குள்ள வந்த மாதிரி மிரள்றாங்க. அவர் பேசட்டுமே."

அவர் பேசினார். "அத்தை, அடுப்பு அணைச்சாச்சா? அந்தக் குமிழத் திருகுங்க. திருகிட்டீங்களா? இப்ப எனக்கு ஒரு சிரிப்பு சிரிங்க பாப்போம்." ஒரு வாக்கியமும் முழுமையில்லை. ழகரம் நாவில் வரவே வராது. என் மனைவி குமிழைத் திருகினாள். பிறகு சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆக, எழுதியவன் நான், வடிவமைத்தவன் நான், முழந்தாளிட்டு ஒட்டியவன் நான். குடியேறியவர் அவர். ஏழாண்டுகளுக்கு முன் என் மகளை அழைத்துக்கொண்டு போனார். அதற்கு நானே நாள் குறித்துக் கொடுத்தேன், குறைசொல்ல வழியில்லை. இப்போது என் அடுப்பங்கரையில், என் குளியலறையில், என் துணி அலமாரியில் அவருடைய குரல்.

குளியலறைக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் ஓரத்தில் இருந்த குறியில் அவர் இப்படிச் சொல்லியிருந்தார்: "அத்தை, இது கண்ணாடி. பயப்படாதீங்க. உள்ள ஒரு அழகான ஆள் தெரியறாங்கல்ல, அது நீங்கதான்." எந்தக் குறி எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதைக் கணக்குப் பக்கம் காட்டும். கண்ணாடிக் குறிக்கு நேராக இருந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். ஓர் அறிவுறுத்தலை அத்தனை முறை மறக்க ஒருவராலும் இயலாது. அவள் மறந்துபோய்க் கேட்கவில்லை; கேட்பதற்காகக் கேட்டாள்.

நான் அவளை அழகி என்று சொன்னதில்லை. அடைமொழிகளைச் சிக்கனமாகக் கையாள வேண்டும் என்பது என் கொள்கை. அது அவளுக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன்.

இதற்குள் அவள் என்னை "சார்" என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். ஆசிரியர் என்பது நினைவில் நின்றது. கணவர் என்பது உதிர்ந்துவிட்டது. மரியாதைக்குக் குறைவில்லை. "சார், சாப்பிட்டீங்களா? நேரமாச்சே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்பாள். மருமகன் வரும் நாள்களில் மட்டும், அவர் படியேறும்போதே குரலைக் கேட்டு எழுந்து நிற்பாள். என் நாற்காலியைத் தூசு தட்டி அவரை உட்காரச் சொல்வாள். "ஐயோ, மாமா நிக்கிறாரே அத்தை" என்று அவர் நெளிவார். "சார் நின்னு பழகினவர்" என்பாள். மகளும் மருமகனும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என்னிடம் வருத்தம் தெரிவிப்பார்கள்.

நான் குறிகளைத் திருத்தத் தொடங்கினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தவில்லை. முதலில் துணி அலமாரி, பிறகு குழாய், பிறகு அடுப்பு. வில்லைகள் அப்படியே இருந்தன. அவருடைய குரல் இருந்த இடத்தில் என் குரல், பிழையற்ற வாக்கியங்களில். இறுதியாகக் கண்ணாடி: "இது முகம் பார்க்கும் கண்ணாடி. இதில் தெரிவது உன் உருவம்." இதில் கடுமை எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவள் கேட்டாள். மறுமுறை கேட்டாள். பிறகு ஒரு துவாலையை எடுத்துவந்து கண்ணாடியின்மேல் போர்த்திவிட்டாள்.

அன்று மாலை மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். எனினும் எனக்குச் செவி நன்றாகக் கேட்கும்.

"இங்க ஒரு சார் இருக்கார். நல்லவர்தான், ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா செவுத்துக்குள்ள இன்னொருத்தர் இருக்கார்மா. அவர் திட்டிக்கிட்டே இருக்கார். நம்ம பையன எங்க அனுப்பிட்டாங்க?"

மறுநாள் மருமகன் வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "மாமா, மெசேஜ் எல்லாம் மாறியிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

"பிழை திருத்தினேன்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சரி மாமா, உங்க வீடு, உங்க இஷ்டம். வாசக்கதவ மட்டும் விட்டுடுங்க. அது அத்தைக்குப் பழகிடுச்சு. அதுல மட்டும் விளையாட வேணாம்."

அவரிடமும் கடவுச்சொல் இருந்தது. நினைத்திருந்தால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருக்கலாம். என்மீது வைத்த மரியாதையினால் அதைத் தொடவில்லை. என்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும், விட்டுக்கொடுப்பதுபோல் விட்டுக்கொடுத்து, அவரே எடுத்துக்கொண்டார். அப்படித்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

வாசற்கதவுக் குறி சொன்னது இது: "அத்தை, நில்லுங்க. கதவத் திறக்காதீங்க. பக்கத்துல நாற்காலி போட்டிருக்கு, உக்காருங்க. நான் இதோ வந்துட்டே இருக்கேன்." மிக நன்றாக வேலை செய்தது. கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாளும் உண்டு. அதை எப்போதும் நானே போடுவேன். ஆனால் தாழ்ப்பாள் தேவைப்படவேயில்லை. குறி என்ன சொல்கிறதோ அதைச் செய்வதற்கு அவளை நாங்கள் மாதக்கணக்கில் பழக்கியிருந்தோம். திருகு என்றால் திருகுவாள், உட்கார் என்றால் உட்காருவாள். அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே கல்வி அதுதான்.

மற்றக் குறிகளில் என் குரல் வந்தபிறகு அவள் அவற்றின் அருகே போவதில்லை. வாசற்கதவுக்கு மட்டும் போவாள். பிற்பகலில் தலை வாரி, நல்ல உடையாக ஒன்றை உடுத்திக்கொண்டு, கதவுக்கு முன் நின்று தொலைபேசியைக் காட்டுவாள். கேட்பாள். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். சற்று நேரம் சென்றதும் எழுந்து மறுபடியும் கேட்பாள். கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடி நான் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாளும் வாசலில் உட்கார்ந்து காத்திருந்ததில்லை. நானும் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதில்லை என்பது வேறு.

ஒரு பிற்பகலில் கேட்டேன். "யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

அவள் வெட்கப்பட்டாள். எழுபதை நெருங்கும் முகத்தில் அந்த வெட்கத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்காரர் சார். வந்துட்டே இருக்கேன்னு சொன்னார். குரல் கேட்டீங்கல்ல?"

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"நீங்க போய்ப் படுங்க சார். அவர் வந்தா நான் சொல்றேன்."

இதைப் படித்துவிட்டு நீங்கள் ஒன்று சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் காத்திருந்தது கணவனுக்காக, கணவன் நான், ஆகவே அவள் காத்திருந்தது எனக்காக என்பீர்கள். தருக்கம் சரிபோலத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. கணவன் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் படுக்கப் போகச் சொன்னாள்.

மறுநாள் வாசற்கதவுக் குறியையும் மாற்றினேன். இம்முறை நீண்ட வாக்கியம் எழுதவில்லை. "அவன் வரமாட்டான். வேண்டுமானால் நீயே போய்ப் பார்." அவ்வளவுதான். மருமகனை நான் ஒருமையில் குறித்தது அதுவே முதன்முறை. அது முறையன்று, அதற்காக வருந்துகிறேன். மற்றபடி, எந்த வீட்டில்தான் கணவன் மனைவியிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை? போ என்றால் போய்விடுவாளா? என் மனைவி நான் ஆத்திரத்தில் சொன்ன எதையும் பொருட்படுத்தியவளல்லள். அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன் என்று சில நாள்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் வாக்குமூலம் என்பதால் மற்றொன்றையும் எழுத வேண்டும். அன்று மேல் தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது சரி. முன்பே அதை நான் விலக்கிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

அவள் வழக்கம்போல் வந்தாள். தலை வாரியிருந்தாள். தொலைபேசியைக் காட்டினாள். என் குரல் வந்தது. அவள் பின்வாங்கவில்லை, துவாலை தேடவில்லை. மறுமுறை கேட்டாள். தலையை அசைத்துக்கொண்டாள், ஒரு பாடம் விளங்கிவிட்ட மாணவிபோல. கதவைத் திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், எந்தப் பக்கம் போகணும்?"

கேள்வி கேட்டவரை விடையில்லாமல் அனுப்பியவனல்லன் நான். எங்கள் கட்டடத்தின் வாசலில் வலப்பக்கம் திரும்பினால் பூங்கா. குழந்தைகள் விளையாடுவார்கள், வண்டிகள் நுழைய முடியாது. இடப்பக்கம் திரும்பினால் பெருஞ்சாலை. சரக்கு வண்டிகள் எந்நேரமும் விரைகின்றன. நடந்து கடக்க மேம்பாலம் உண்டு, ஆனால் அது பாலம் என்பது அவளுக்குத் தெரியாது. மருமகனின் பட்டறை அதற்கு மறுகரையில்.

"கீழே இறங்கி இடப்பக்கம்" என்றேன். அது சரியான விடை.

"நன்றி சார்" என்றாள்.

படிகளில் அவள் இறங்குவது கேட்டது. மெதுவாக, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். எழுந்து போய் நிறுத்துவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டினேன். திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன் என்றும் எழுதலாம். வந்து, வழி தெரியவில்லை சார், கூட வருகிறீர்களா என்று கேட்டிருந்தால் போயிருப்பேன். அவள் கேட்கவில்லை.

தெருமுனையில் கூச்சல் எழுந்தபோது நான் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். முன்பு ஒருமுறை, மருத்துவமனைக்குப் போன நாளில், மருமகன் வாசற்கதவுக் குறியில் வேறொன்றைப் பேசி வைத்திருந்தார், போய்வந்ததும் மாற்றிவிட்டார். பழைய பதிவு அழியாமல் கிடந்தது. அதை எடுத்து இட்டேன். கீழ்வீட்டுத் தையற்காரர் மூச்சிரைக்க மேலே ஓடிவந்து, "சார், அம்மா... ரோட்டுல..." என்று நின்றபோது, என் வேலை முடிந்திருந்தது.

நீங்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது என் மகள்தான் அந்தக் குறிக்குத் தொலைபேசியைக் காட்டினாள். மருமகனின் குரல் வந்தது: "அத்தை, கீழ வாங்க. வண்டிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கேன். மெதுவா வாங்க." மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாத்திட்டேனே... மாத்திட்டேன்னுதான் நெனச்சேன் மாமா" என்று என் கால்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்கே அவர்மேல் ஐயம் வந்துவிட்டது. நான் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தேன். அதை உங்கள் காவலரும் பார்த்தார்; பெரியவரின் மனசே மனசு என்றார்.

மகள் கணவரை விட்டு என்னிடம் வந்துவிட்டாள். தாயின் அறையில் படுத்துக்கொள்வாள். "மறந்துட்டாராம். மறக்கறதுக்கு எங்கம்மாவுக்குத்தான் வியாதி, அவருக்கென்ன?" என்றாள். இரவில் உணவு மேசைக்கு இருவர் உட்காருவோம். அவள் சிறுமியாக இருந்தபோது இருந்ததுபோல் வீடு அமைதியாக இருந்தது. அது அப்படியே இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. "அம்மா சிரிச்சுக்கிட்டே போனாங்க சார்" என்றார் தையற்காரர். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. எங்கம்மா போறீங்கன்னு கேட்டேன், கூப்பிட்டாருன்னாங்க. மாப்பிள்ளை மேல என்ன பாசம் பாருங்க." துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மருமகன் குரல் என்றால் உயிர். அந்தக் குரலைக் கேட்டுத்தானே போனாள். கடைசிவரை அந்தக் குரல்தான்.

நேற்றுக் காலை என் மகள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே?" என்றேன்.

"வீட்டுக்குப்பா. அவர் சாப்பிடறதே இல்லையாம். எனக்கும் யோசிச்சுப் பாத்தா..." என்று நிறுத்தினாள். "அம்மா பயந்து போகலப்பா. அவங்களுக்குப் பிடிச்ச குரல் கூப்பிட்டுது, சந்தோஷமாப் போனாங்க. அந்த ஒரு நிம்மதிய அவர்தானே குடுத்தார். அவர் மேல எப்படிக் கோவப்படறது?"

நான் அவளைத் தடுக்கவில்லை. பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இன்று காலை உங்கள் அறிக்கை வந்தது. அதிலும் அதே வாக்கியம். தட்டச்சில், முத்திரையுடன்.

இதற்கு மேல் பொறுக்க இயலாது. அவள் சிரித்துக்கொண்டு போனது உண்மையென்றால், அந்தச் சிரிப்புக்கு உரியவன் வேறொருவன். அவளை அனுப்பியது அந்த ழகரம் வராத நாக்கு அன்று. எத்தனையோ ஆண்டுகளாக என் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள், அன்று ஒருமுறை, இரண்டு தடவை நின்று கேட்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னபடி செய்தாள். வழியையும் என்னிடமே கேட்டாள். நன்றியும் சொன்னாள். அதை எடுத்து இன்னொருவர் கணக்கில் எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

என்னைக் கொலையாளி என்று எழுதுவீர்களோ வேறு எப்படி எழுதுவீர்களோ, அது உங்கள் துறை. அதில் நான் தலையிடவில்லை. சான்று வேண்டும் என்பீர்கள். கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல்லை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்குக்கூட அவசியமில்லை. என் கதவிலிருந்து உரித்தெடுத்த வில்லையைப் பையிலிட்டு முத்திரை வைத்து உங்கள் அலமாரியில் பூட்டியிருக்கிறீர்கள். அதில் ஒரு கட்டமும் மாறவில்லை. ஆனால் அன்று உங்களுக்குச் சொன்னதை இன்று அது சொல்லாது. அவளுக்குச் சொன்னதைச் சொல்லும். இன்று காலையே மாற்றிவிட்டேன்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் அந்தப் பையை எடுங்கள். கசங்கல் இல்லாமல் மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் உங்கள் தொலைபேசியைக் காட்டுங்கள். அவள் கேட்டதுபோலவே இரண்டு முறை கேளுங்கள். கேட்டபின் இரண்டாம் பக்கத்தைத் திருத்துங்கள்: அவள் தன் கணவனின் குரலைக் கேட்டுப் போனாள்.